ஷெனாய்க்கு அரைப் பக்கம்கூட இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிமனித சுதந்திரத்தையும் தடையற்ற சந்தையையும் பேசிய சிந்தனையாளர்கள் பற்றிய உங்கள் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்தேன். வியன்னாவை விட்டுக் கிளம்பிய பொருளாதார அறிஞர் மீசஸ், 1944-இல் அவர் வழியில் வந்த ஹயக் எழுதிய புத்தகம், ருஷ்யப் புரட்சியில் பறிபோன, நாவலாசிரியர் அய்ன் ராண்டின் அப்பாவுடைய மருந்துக்கடை என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. ராண்டின் காதல் விவகாரத்துக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம், மூன்று படம். சரி, பத்திரிகை விற்க வேண்டும்.

ஆனால் நிறைவுக் கட்டுரையின் ஒரு வரியை விழுங்க முடியவில்லை. இதெல்லாம் வசதியான மேல்நாட்டார் பேசிய பேச்சு, இந்தியாவில் இதைச் சொல்ல ஆளும் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். நீங்களும் அச்சேற்றிவிட்டீர்கள்.

பொருளாதார அறிஞர் பி. ஆர். ஷெனாயை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1955-இல், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு யோசனை சொல்ல அமைத்த பொருளாதார அறிஞர் குழுவில் மற்ற எல்லோரும் தலையாட்டியபோது, இவர் ஒருவர்தான் மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். 4,800 கோடி ரூபாய்த் திட்டத்தில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியாக, அதாவது நோட்டடித்து, சரிக்கட்டலாம் என்றது அரசு. விலை ஏறும், அதை அடக்க மேலும் மேலும் கட்டுப்பாடு போடுவீர்கள் என்றார் ஷெனாய். திட்டம் தொடங்கிய இரண்டாம் வருஷமே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1966 ஜூனில் டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 7.50 ஆனது. லண்டனில் ஹயக்கின் உரைகளை நேரில் கேட்டவர் ஷெனாய். தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்களுக்காக ஹயக் தொடங்கிய மோன் பெலரன் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அந்தச் சங்கத்துக்கு ஒரு வாரம் முழுக்க ஒதுக்கிய உங்கள் கட்டுரையாளர் கண்ணில் இந்தியப் பெயர் மட்டும் படவில்லை போலும்.

ராஜாஜி? 1952 ஜூனில் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை ஒரு உத்தரவில் நீக்கியவர். 1959-இல், எண்பது வயதில், காங்கிரஸின் கூட்டுப்பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம் என்று ஊர் ஊராகத் திட்டியவர். 1967-இல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. ஆளே இல்லாமலா? அவர் மதுவிலக்குக் கொண்டுவந்தவர், இந்தி எதிர்ப்பாளர்களைச் சிறைக்கு அனுப்பியவர், விற்பனை வரி என்ற சீதனத்தையும் நமக்குத் தந்தவர். சுதந்திரவாதிக்கு அழகா இதெல்லாம் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் இல்லவே இல்லை என்று எழுதாதீர்கள்.

தேவை இருந்ததில்லையாம். என் அப்பா கோவையில் சின்ன பவுண்டரி, அதாவது இரும்பு வார்ப்படப் பட்டறை, வைத்திருந்தார். உருக்கி வார்க்கிற பிக் அயர்ன் இரும்புக்குக் கோட்டா, உலைக்குப் போடும் கோக் கரிக்குக் கோட்டா. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு எங்களைவிடப் பெரிய கோட்டா; அவரிடம் உலையே கிடையாது. போர்டு மட்டும் தொங்கும், பூட்டில் துரு ஏறியிருக்கும். அவருடைய இரும்பைத்தான் அப்பா கறுப்பு விலையில் வாங்கி மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போட்டார். சோதனைக்கு வரும் அதிகாரி விரலை எச்சில் தொட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டி, நாலு கிலோ கணக்கு உதைக்கிறதே என்பார். துருப்பிடித்த பூட்டுக்காரர் கணக்கு ஒருநாளும் உதைத்ததில்லை. அக்கா கல்யாணத்துக்குச் சர்க்கரை பெர்மிட் வாங்க மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அப்பா அரசு அலுவலகத்தில் நின்றார். முகூர்த்த நாள் உண்மைதானா என்று குமாஸ்தா கேட்டார். மணமகளின் தகப்பனிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் ஹயக்கைப் படித்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசியதை எழுதிவைத்திருந்தால் உங்கள் தொடரில் ஒரு வாரத்துக்குக் காணும்.

இதையெல்லாம் போன வருஷமே, வரி பற்றிய உங்கள் சிறப்பிதழ் வந்தபோது எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, கோவையைக் கோவில்பட்டியாக்கி வெளியிட்டீர்கள். அதே இதழில், வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட வைத்திராத பேராசிரியர் சிறுதொழில் நடத்துவது எப்படி என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவர் கட்டுரையில் ஒரு கால்புள்ளிகூடக் குறையவில்லை. சந்தா உயர்ந்தபோதும் நான் நிறுத்தவில்லை. எழுத்தைப் பொடியாக்கி விளம்பரத்தைப் பெரிதாக்கினீர்கள், பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டேன்.

தொடர் புத்தகமாக வரப்போகிறது என்று பின்னட்டையில் பார்த்தேன். அதில் அந்த வரியை நீக்கிவிட்டு, ஷெனாய்க்கு அரைப் பக்கம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் ராண்டின் மூன்று படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் முழுசாக வெளியிடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், இரண்டு வரி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.