சூடுகாப்புப் பெட்டி உணவின் வெப்பநிலையையும் நேரத்தையும் தவறாகப் பதிவு செய்வது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், சைவ உணவகம், ஈரோடு.

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

தங்கள் நிறுவனத்திடம் நாங்கள் வாங்கிய தானியங்கிச் சூடுகாப்புப் பெட்டி, உள்ளே சுற்றும் காற்றின் சூட்டை அளந்து, அதையே உணவின் சூடாகத் திரையில் காட்டியும் பதிவில் ஏற்றியும் வருகிறது. சேவைப் பிரிவிடம் பலமுறை முறையிட்டும் தீர்வு கிடைக்காததால் நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

பெட்டியின் உணர்கருவி மேற்கூரையில், ஹீட்டருக்கும் விசிறிக்கும் பக்கத்தில் பொருத்தப்பட்டுள்ளது. காலை வியாபாரத்தில் சப்ளையர்கள் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் மேலே உள்ள காற்று உடனே சூடாகிவிட, அடித்தட்டில் இருக்கும் உணவு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே போகிறது. திரை 68 டிகிரி என்று காட்டிய அதே நேரத்தில், அடித்தட்டுப் பொங்கலின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தபோது 53 டிகிரிதான் இருந்தது. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தங்கள் பெட்டியோ அந்த வரம்புக்குக் கீழே போன பொங்கலுக்கும் பச்சை விளக்கு எரிய விடுகிறது.

இதைப் பார்க்க வந்த தங்கள் பொறியாளர், பெட்டியைக் காலி செய்யச் சொல்லி, வெறும் பெட்டிக்குள் தம் கருவியை வைத்து அளந்து, இரண்டு அளவுகளும் ஒத்துப்போவதால் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காற்றைச் சரியாக அளக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. நாங்கள் பரிமாறுவது காற்றை அல்ல என்பதே என் புகார்.

இரண்டாவது குறை இதைவிடக் கவலை தருகிறது. எந்தத் தட்டு எப்போது உள்ளே வைக்கப்பட்டது என்று கணக்கு வைத்து, பழையதை முதலில் எடுக்கச் சொல்வதுதான் இந்தப் பெட்டியின் சிறப்பு என்று விற்பனையின்போது விளக்கினீர்கள். ஆனால் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லாத் தட்டுகளின் நேரமும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்த சாதம், அப்போதுதான் வடித்து வைத்ததுபோல் திரையில் தெரிகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்த பிறகும் உயிரோடு இருக்கக்கூடியவை. சாதம் போதிய சூடின்றி நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, சாதத்தை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இங்கே நேரக்கணக்கு தவறினால் அடுப்பால் அதைத் திருத்த முடியாது.

உள்ளே உள்ள ஈரத்தில் வடை நமுத்துப்போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. வடையை எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகப் பரிமாறுவதுதான் முறை.

முன்பெல்லாம் எங்கள் சரக்கு மாஸ்டர் பாத்திரத்தைத் திறந்து, கிளறி, சூடு குறைந்திருந்தால் அடுப்பில் ஏற்றிவிடுவார். ஆள் பார்க்கத் தேவையில்லை என்ற தங்கள் உறுதிமொழியை நம்பி அந்த வழக்கத்தை நாங்கள் விட்டோம். ஒரு கருவி மனிதரின் கவனத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் நிற்குமானால், அந்தக் கவனத்தின் முழுப் பொறுப்பையும் அது ஏற்றாக வேண்டும். தவறான பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதைப் பார்த்த பிறகு யாரும் சந்தேகப்படுவதில்லை.

எனவே, ஒவ்வொரு தட்டிலும் உணவுக்குள்ளேயே செருகும் உணர்கருவியைப் பொருத்தித் தர வேண்டும். மின்தடையிலும் நேரக்கணக்கு அழியாதபடி பேட்டரி அமைக்க வேண்டும். உணவு 60 டிகிரிக்குக் கீழே இருந்தால், வைக்கும்போதே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். இவை இயலாது என்றால் பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தர வேண்டும். இதே மாதிரியை வாங்கிய மற்ற உணவகங்களுக்கும் இந்தக் குறையை உடனே தெரிவிக்குமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் சாப்பிடுபவர்களுக்கு இது தெரிய வேறு வழியில்லை.

பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தொழிலுக்கென்று வாங்கும் பொருளுக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். அதுவரை சாதத்தையும் பொங்கலையும் இந்தப் பெட்டியில் வைக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உணவக உரிமையாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பொறியாளரின் அறிக்கை, திரையும் தெர்மாமீட்டரும் ஒருசேரத் தெரியும் புகைப்படங்கள்.