வீரநாராயணத்துக் கல்

சிதம்பரம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்தது. பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை முடித்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் கூடவே "யார் யாருக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்றே பிடிபடவில்லை, இரண்டாம் பாகத்தைத் தொடவா, விடவா?" என்றும் கேட்டிருக்கிறாய். கட்டாயம் தொடு. குழப்பம் உன் வாசிப்பில் இல்லை. அரண்மனைச் சதிக் கதையை மற்றக் கதைகளைப் படிப்பது போலப் படித்தால் எல்லாருக்கும் இந்த இடத்தில்தான் சிக்கும். அதை அவிழ்க்கும் வழியைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். வரலாற்றில் பதிவானதைத் தவிர கதையின் முடிச்சுகளை முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

முதலில் உன் கையில் இருப்பது முழுப் பதிப்புதானா என்று பார். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. நல்ல பதிப்புகளோடு சுருக்கப் பதிப்புகளும் கடையில் இருக்கின்றன. அத்தியாயக் கணக்கை வைத்துச் சரிபார்த்துவிடலாம்: ஐந்து பாகங்களுக்கும் முறையே 57, 53, 46, 46, 91. ஆக மொத்தம் 293. சுருக்குகிறவர்கள் முதலில் கத்தரி வைப்பது வழிப்போக்கர் பேச்சிலும் படகோட்டி பாட்டிலும்தான். சதிக் கதையில் துப்பு ஒளிந்திருப்பதும் அங்கேதான். அதை வெட்டினால் பின்னால் வரும் திருப்பம் வானத்திலிருந்து குதித்தது போல இருக்கும்.

இன்னொன்று, இது 1950-ல் தொடங்கி மூன்றரை ஆண்டு வார இதழில் வந்த தொடர்கதை. வாரம் ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கதவு சாத்தப்படும், அல்லது ஒரு நிழல் நகரும். ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படிக்கிறவனுக்கு அந்த நிழல்களெல்லாம் ஒன்றாகிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து போதும், இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஐந்தும் முடிந்த பிறகு பத்து நிமிஷம் குறிப்பு எழுத வேண்டும்.

குறிப்பு என்றால் கதைச் சுருக்கம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று எடு. இடப் பக்கம் ஆட்களுக்கு, வலப் பக்கம் ரகசியங்களுக்கு. வலப் பக்கத்தில் நான்கு பத்தி: ரகசியம் என்ன, யாருக்குத் தெரியும், எப்படித் தெரிந்தது, எந்த அத்தியாயம். பென்சிலில் எழுது, ஏனென்றால் இரண்டாவது பத்தி வளர்ந்துகொண்டே போகும். நீ படித்த இடத்தையே எடுத்துக்கொள். கடம்பூர் மாளிகைக்கு ஒரு மூடுபல்லக்கு வருகிறது. அதில் பழுவூர் இளையராணி இருப்பதாகத்தான் ஊருக்கெல்லாம் நினைப்பு. உள்ளே வந்தது மதுராந்தகர் என்பது நள்ளிரவுக் கூட்டத்தில் இருந்த சிற்றரசர்களுக்குத் தெரிகிறது. அதை மறைந்திருந்து கேட்ட வந்தியத்தேவனுக்கும் தெரிகிறது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தச் சிற்றரசர்களுக்குத் தெரியாது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். "யார் நல்லவர், யார் கெட்டவர்" என்று தேடிக்கொண்டு படித்தால் பத்து பக்கத்துக்கு ஒருமுறை ஏமாறுவாய். "இவருக்கு இந்த நிமிஷம் எது தெரியும்?" என்று கேட்டுப் படி. ஓலையும் பனை இலச்சினை மோதிரமும் கை மாறும்போதெல்லாம் ஏன் பதற்றம் கூடுகிறது என்று உனக்கே விளங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பாத்திரம் பேசுவதை ஆசிரியர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. பலர் பொய் சொல்கிறார்கள், சிலர் தாங்கள் நம்பிய தவறான சேதியை உண்மையாகவே சொல்கிறார்கள். நோட்டில் "நந்தினி சொன்னது", "ஜோதிடர் வீட்டில் கேட்டது" என்று ஆளையோ இடத்தையோ சேர்த்தே எழுது.

இடப் பக்கத்துக்கு வருவோம். உன் குழப்பத்தில் பாதி பெயர்க் குழப்பம். சோழ வம்சத்தில் ஒரே பெயர் தலைமுறை தாண்டித் திரும்பத் திரும்ப வரும். சுந்தர சோழருக்கும் பராந்தகன் என்றுதான் பெயர், அவர் இரண்டாம் பராந்தகர். முதல் பராந்தகர் அவருடைய பாட்டனார். ஆதித்தனும் இரண்டு பேர். மதுராந்தகன் என்பது மதுரைக்கு எமன் என்ற பொருளில் வந்த பெயர். உத்தம சோழனுக்கும் அந்தப் பெயர் உண்டு, பின்னால் ராஜேந்திரனுக்கும் அதே பெயர். பட்டப் பெயரும் அப்படித்தான், ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறி வரும். சுந்தர சோழர் ராஜகேசரி, உத்தம சோழர் பரகேசரி, ராஜராஜர் ராஜகேசரி, ராஜேந்திரர் பரகேசரி. இதை அலங்காரம் என்று தள்ளிவிடாதே. கொஞ்ச நேரத்தில் இது எதற்கு உதவும் என்று காட்டுகிறேன்.

சண்டையின் வேரையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள். முதல் பராந்தகரின் மூத்த மகன் ராஜாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அதனால் இரண்டாம் மகன் கண்டராதித்தர் பட்டத்துக்கு வந்தார். அவர் போனபோது அவருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த பிள்ளை மதுராந்தகன், அதாவது பின்னாளைய உத்தம சோழன், சிறு குழந்தை. அரியணை தம்பி அரிஞ்சயனுக்குப் போயிற்று, அவனும் விரைவிலேயே இறக்க, அவன் மகன் சுந்தர சோழனுக்கு வந்தது. இப்போது அந்தக் குழந்தை வளர்ந்து நிற்கிறது. மூத்தவர் வழி அதற்கா, ஆண்டுகொண்டிருப்பவரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலனுக்கும் அருள்மொழிக்குமா? கடம்பூரில் கூடியவர்கள் பேராசைக்காரர்கள் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல சதிக் கதைக்கு அது வேண்டும். இரண்டு தரப்புக்கும் வழக்கு இல்லாவிட்டால் அது வெறும் வில்லன் கதை.

இனி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். கதை எங்கே தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில். அதுதான் இன்றைய வீராணம், 2004 முதல் உங்கள் சென்னைக் குழாயில் வருகிற அதே தண்ணீர். ஏரியை ஒட்டிய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம்தான் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்று வெளிப்படையாகச் சொல்லும் சாசனம் அதுதான். வந்தியத்தேவன் குதிரையில் வந்து சேரும் ஊரிலேயே, கதையின் மையமாக இருக்கும் கொலைக்கான சாட்சியம் கல்லாக நிற்கிறது.

ஆனால் அந்தக் கல் கொலைக் கதையைச் சொல்லவில்லை. அது ஒரு நில விவகாரப் பத்திரம். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமைகளும், பிள்ளைகள், மனைவியர், மாமன்மார், சம்பந்தம் செய்துகொண்டவர்கள் என்று உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட வேண்டும் என்பது ஊர்ச் சபைக்கு வந்த அரசரின் ஸ்ரீமுகம், அதாவது அரசாணை. அப்படிப் பறித்த நிலத்தை ஒருவர் சபையிடமிருந்து விலைக்கு வாங்கி அறக்கட்டளை வைக்கிறார். அந்தத் தருமத்தைப் பதியத்தான் கல். அதற்கு முன்வரலாறாகத்தான் கொலை வருகிறது. அரண்மனை ரகசியம் நமக்கு வந்து சேர்ந்தது அந்தப்புரத்திலிருந்து இல்லை கதிர், பத்திரப்பதிவிலிருந்து! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது ராஜகேசரிக் கணக்குக்கு வா. கல்லில் இருப்பது "ராஜகேசரி, 2-ஆம் ஆண்டு" என்பதுதான். அரசன் பெயர் இல்லை. சுந்தர சோழர் ராஜகேசரிதான், ஆனால் அவருடைய இரண்டாம் ஆண்டில் கரிகாலன் உயிரோடு இருந்தான். உத்தம சோழர் பரகேசரி, அவர் பொருந்தமாட்டார். மிஞ்சுவது 985-ல் பட்டமேறிய ராஜராஜர், அதாவது நம் அருள்மொழி. ஆகவே கல்லின் காலம் 986-87. கொலைக்கும் இதற்கும் இடையே உத்தம சோழரின் ஆட்சி முழுவதும் கிடக்கிறது, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு. இந்த இடைவெளியை வைத்துத்தான் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றறிஞர் சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். நான் பண்டாரத்தார் பக்கம். அண்ணன் முறையான சுந்தர சோழரின் மகனைக் கொன்ற பழி உத்தமர்மேல் இருந்திருந்தால், அவர் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜரிடம் பெரிய அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளை விசாரித்திருக்க முடியுமா? கல்லில் இருப்பது நிலம் கைமாறிய ஆண்டுதான். தண்டனை முதன்முதலில் எப்போது தொடங்கியது என்று அது சொல்லவில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் இதோடு வைத்துப் பார். மக்கள் அருள்மொழியை அரசேற்கச் சொன்னார்கள், தன் சிறிய தந்தை உத்தம சோழருக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அவர் மனத்தாலும் அதை விரும்பவில்லை என்கிறது. அழகான செய்தி. ஆனால் அது ராஜேந்திரனின் 6-ஆம் ஆண்டில், அதாவது அருள்மொழியின் மகன் ஆளும்போது எழுதப்பட்ட புகழுரை. செப்பேட்டிலும் பேசுகிறவர் யார் என்று நோட்டில் சேர்த்து எழுத வேண்டியதுதான்.

கல்லும் நாவலும் பிரியும் இடம் ஒன்று உண்டு, அங்கே கொஞ்சம் நின்று படி. நாவலில் ரவிதாசன் கூட்டம், கரிகாலன் தலைகொண்ட வீரபாண்டியனின் ஆபத்துதவிகள், அதாவது மெய்க்காவலர்கள்; பழி வாங்க வெளியிலிருந்து வந்தவர்கள். கல்லில் அவர்கள் அண்ணன் தம்பிகள், பிரமாதிராஜன் என்ற உயர் அதிகாரிப் பட்டம் பெற்றவர்கள், சோழ நாட்டுப் பிரமதேயத்தில் (பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊரில்) நிலம் வைத்திருந்த குடும்பம். பஞ்சவன் என்றால் பாண்டியன். அந்தப் பட்டத்திலிருந்து பாண்டிய உறவை ஊகிக்கலாம். ஆனால் தம்பியின் பட்டம் இருமுடிச்சோழன் என்ற சோழப் பெயரில் இருக்கிறதே! என் எண்ணத்தில் கல் காட்டுவது உள்ளாட்களின் துரோகம். நாவலாசிரியர் அதை வெளியாட்களின் பழியாக மாற்றினார். கதைக்கு அது வேகம் தந்தது. கல்லின் கதை இன்னும் பயங்கரம்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை. பழுவேட்டரையர்கள் மெய், கீழப்பழுவூர் மேலப்பழுவூர்க் கோயில்களில் அவர்கள் குலத்துக் கல்வெட்டுகள் உண்டு. அமைச்சர் அநிருத்தர் மெய், அன்பில் செப்பேடு அவருக்குக் கொடுத்ததுதான். நம் வந்தியத்தேவனைத் தஞ்சைப் பெரிய கோயில் கல் குந்தவையின் கணவர் என்ற அளவில்தான் அறியும்: "வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்". அந்த ஒரு தொடரிலிருந்து ஐந்து பாகத்துக்கு ஒரு வீரன்.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு வா, உடையார்குடிக்குப் போவோம், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். உச்சி வெயிலில் கல்வெட்டு படிக்க முடியாது, நேர் வெளிச்சத்தில் எழுத்தெல்லாம் மட்டமாகத் தெரியும். காலையில் சாய்வெயில் படும்போது போக வேண்டும். ஒரு டார்ச் கொண்டு வா, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மாவோ எண்ணெயோ தேய்க்கவே கூடாது, கல்லுக்குக் கேடு. புள்ளி இருக்காது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இருக்காது, வடசொல் வரும் இடங்களில் கிரந்த எழுத்து கலந்திருக்கும். முதல் பார்வையில் ஒன்றும் புரியவில்லை என்று விட்டுவிடாதே. முதலில் "கரிகால" என்ற நாலெழுத்தை மட்டும் தேடு. அது கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த சொற்களும் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். நோட்டை மறக்காமல் கொண்டு வா, உன் வலப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முரளி