அழைப்பு வரும்வரை காத்திருக்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாணவனைத் தனியாகப் பறக்க அனுப்பிவிட்டு, அவன் இறங்கும்வரை ஓடுபாதை ஓரத்தில் நின்று தவிக்கிற வேலை உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று தெரிகிறது. நான் நலம். மருத்துவச் சோதனையில் இந்த முறையும் தேறிவிட்டேன். மூக்குக்கண்ணாடி மட்டும் இன்னும் கொஞ்சம் கனத்திருக்கிறது. இப்போது பாதி நாட்கள் பறக்கிறேன், மீதி நாட்கள் சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் போலி விமானி அறையில், பிறரை வாட்டுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விமான நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துப் படித்துவிடுவேன் என்கிறாய். படித்துவிடுவாய், சந்தேகமே இல்லை. 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கைமேல் சுமை இரண்டு மடங்காகி ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏன் 41 சதவீதம் கூடுகிறது, ஓடுபாதையில் வி-1 என்ற முடிவு வேகத்தைத் தாண்டிய பிறகு ஏன் புறப்பாட்டை நிறுத்த முயலக் கூடாது என்பதையெல்லாம் தினமும் கரும்பலகையில் எழுதுகிறவன் நீ. ஜெட் விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் தூசி தட்டினால் போதும். ஆனால் தேர்வுக் குழுவில் சில காலம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நான் பார்த்தவரை, நல்ல விமானிகள் சறுக்குவது இரண்டு வாரத்தில் தேற்ற முடியாத இடங்களில்தான்.

முதலில் உன் லாக்புக்கை, அதாவது பறந்த நேரக் கணக்கு எழுதும் புத்தகத்தை, எடுத்துப் பார். முந்தைய பக்கத்துக் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தில் தப்பாக ஏறியிருக்கும். இரவுப் பறப்பு ஒரு பக்கத்தில் விட்டுப்போயிருக்கும். எங்கோ ஒரு பயிற்றுநரின் கையெழுத்து இருக்காது. பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றி மறுபடி கூட்டிப் பார். பிழை கண்டால் வெள்ளை மை பூசாதே. ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பமிடு. பழைய பயிற்சிப் பள்ளியிடம் சான்று கேட்க வேண்டி வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், பள்ளியே மூடியிருந்தால் இன்னும் மோசம். விண்ணப்பத்தில் ஒரு எண்ணும் லாக்புக்கில் வேறொரு எண்ணும் இருந்தால், இது கவனக்குறைவா பொய்யா என்றுதான் குழு யோசிக்கும். இரண்டில் எது என்று முடிவானாலும் உனக்கு நல்லதில்லை.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. “மூத்தவர் ஒருவரின் முடிவை நீங்கள் ஏற்காத சமயம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் 173 விமானத்துக்கு நடந்தது உனக்குத் தெரியும். இறங்கு சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி கேப்டன் வானிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் சொன்னார்கள், ஆனால் அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன; 10 பேர் இறந்தார்கள். விமானி அறையில் சேர்ந்து செயல்படுவதற்கான பயிற்சி அதன் பிறகுதான் நிறுவனங்களில் வேரூன்றியது. நீ வாய் திறப்பாயா, பிறர் வாய் திறந்தால் கேட்பாயா என்றுதான் குழு பார்க்கிறது.

இதற்குப் பலர் இணையத்தில் கிடைத்த விடையை ஒப்பிக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல். “அப்போது எரிபொருள் எவ்வளவு இருந்தது? மேகம் எந்த உயரத்தில்? அவர் என்ன பதில் சொன்னார்?” என்று கேட்டால் போதும், இரவல் கதை மூன்றாவது கேள்விக்குத் தாங்காது. உண்மையாகவே அனுபவம் உள்ளவர்களும் திணறுவதுண்டு, ஏனென்றால் நடந்ததை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பக்கவாட்டுக் காற்று அதிகம் என்று பயிற்சியை நிறுத்தினேன், நிர்வாகி முகம் சுளித்தார் என்று உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் தேர்வுக் குழு கேட்கக் காத்திருக்கும் கதை! ஒரு நோட்டு வாங்கு. என்ன நடந்தது, நீ என்ன நினைத்தாய், என்ன சொன்னாய், எப்படி முடிந்தது, மறுபடி நேர்ந்தால் எதை மாற்றுவாய் என்பதை அன்றன்றே எழுது. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனதுக்குள் தெளிவாக இருக்கும் சம்பவம் வாயில் வரும்போது நடுவிலிருந்து தொடங்கி எங்கோ போய் நின்றுவிடும்.

சிமுலேட்டர் சோதனை பற்றிப் பயப்படாதே. ஆட்டோபைலட் இல்லாமல் கருவிகளைப் பார்த்துப் பறக்கச் சொல்வார்கள். கண் எங்கும் தேங்காமல் கருவிகள்மீது ஓட வேண்டும். மனக்கணக்கும் உன் சின்ன விமானத்திலேயே பழகக்கூடியதுதான். நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) உள்ள தரைவேகத்தில் பாதியைப் பத்தால் பெருக்கினால், ஓடுபாதையை நோக்கி 3 டிகிரி சரிவில் இறங்குவதற்கான இறங்கு வேகம். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. பிழை செய்தால் அதிலேயே உழலாதே. சொல்லிக்கொடுத்த பிறகு இரண்டாம் முறை எப்படிப் பறக்கிறாய் என்பதை நான் முதல் முறையைவிடக் கூர்ந்து பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவரிடம் வேலையைப் பகிர்ந்து கேள். தனியாகப் பறந்து பழகிய பயிற்றுநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்; உன்னிடமும் அந்தக் குணம் உண்டு, கோபித்துக்கொள்ளாதே.

நிறுவனத்தின் விமான வகைகள், தளங்கள், வழித்தடங்கள் பற்றிய விவரங்களைக் கடைசி வாரத்தில் படித்தால் போதும். அவை மாறிக்கொண்டே இருக்கும். கோட்டு மட்டும் இப்போதே தைத்துக்கொள், பழையதில் நீ நுழையமாட்டாய்.

லாக்புக்கைக் கூட்டி முடித்ததும் எழுது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் பெரும்பாலும் வீட்டில்தான். தொலைபேசியில் அந்தப் பக்கவாட்டுக் காற்றுக் கதையை முழுதாகச் சொல், நோட்டைப் பார்க்காமல். இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்பேன், தயாராக இரு. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய சகபாடி