நெர்ச்சின்ஸ்க் எல்லைப் பேச்சு குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தையெல்லாம் பழைய எல்லை உடன்படிக்கைகளைப் படிப்பதிலேயே செலவிட்டு வருகிறேன். ரஷ்யாவும் சீனாவை ஆண்ட சிங் பேரரசும் சைபீரியாவின் ரஷ்யக் கோட்டை நகரான நெர்ச்சின்ஸ்கில் தங்கள் எல்லையை வகுத்துக்கொண்ட 1689ஆம் ஆண்டின் உடன்படிக்கையைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த கருத்து சில நாட்களாக என்னை விடவில்லை. ஆகவே இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவும் சிங் பேரரசும் சமமானவர்களாக அமர்ந்து பேசின என்று சொல்வது பொருந்தாது, நெர்ச்சின்ஸ்க் கோட்டையைச் சூழ்ந்து நின்ற சிங் படையின் நிழலில்தான் அந்த உடன்படிக்கை எழுதப்பட்டது என்பது தங்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் படைபலத்தில் ஓங்கி நின்ற தரப்பு தனக்குக் கிடைக்கக்கூடிய அனைத்தையும் எடுத்துக்கொள்ளாமல் ஏன் பாதியில் நின்றது என்பதுதான் எனக்கு முதன்மையான கேள்வியாகப் படுகிறது. அந்த உடன்படிக்கை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்ததற்கான காரணம் அந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

முதலில் இரு தரப்பும் எந்த நிலையில் அங்கே வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும். அமூர் ஆற்றங்கரையில் ரஷ்யர்கள் எழுப்பியிருந்த அல்பாசின் கோட்டையைச் சிங் படை 1685இல் கைப்பற்றி அழித்தது. படை திரும்பிய கையோடு ரஷ்யர்கள் வந்து மறுபடியும் கட்டினார்கள். 1686இல் இரண்டாம் முற்றுகை தொடங்கியது. கோட்டைக்குள் இருந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோரில், போரிலும் அதைவிட அதிகமாக நோயிலும் மடிந்தவர்கள் போக, இறுதியில் எஞ்சியவர்கள் நூறு பேர்கூட இல்லை. மாஸ்கோவின் தூதுக்குழு ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி சிங் தலைநகரான பீகிங்கை (பெய்ஜிங்) எட்டியதும், சிங் பேரரசர் காங்சி முற்றுகையைத் தளர்த்த ஆணையிட்டார். வீழப்போகும் கோட்டையை வீழ்த்தாமல் விட்டது இரக்கத்தால் என்று நான் நம்பவில்லை. மேற்கே சுங்கார் மங்கோலியரின் தலைவன் கல்தான் வலுப்பெற்று வந்தான். 1688இல் அவன் கல்கா மங்கோலியர் நிலத்துக்குள் புகுந்தபோது, செலெங்கின்ஸ்க் நகரில் பேச்சு நடத்தப் புறப்பட்டிருந்த சிங் தூதுக்குழு பாதி வழியிலேயே திரும்ப நேர்ந்தது. கல்தானும் ரஷ்யர்களும் கைகோத்துவிட்டால் வடக்கு எல்லை முழுவதும் கைமீறிப் போய்விடும் என்ற கவலை பேரரசருக்கு இருந்தது.

மாஸ்கோவுக்கும் அதன் கவலைகள் இருந்தன. அப்போது ரஷ்யாவை ஆண்ட சோபியா இளவரசியின் அரசு கிரிமியா மீது 1687இலும் 1689இலும் படையெடுத்து, இரு முறையும் பயனின்றித் திரும்பியது. சைபீரியாவின் கடைக்கோடிக்குப் பெரும் படை அனுப்பும் வலிமை அதற்கு இல்லை. சீனாவுடன் வணிகம் நடக்க வேண்டும் என்பதே அதன் பெருவிருப்பமாக இருந்தது. 1686 தொடக்கத்தில் மாஸ்கோவிலிருந்து புறப்பட்ட தூதர் ஃபியோதர் கோலவின் 1689 ஆகஸ்டில்தான் பேச்சு மேடையில் அமர்ந்தார். ஒரு கேள்வி கேட்டு மாஸ்கோவிலிருந்து பதில் வருவதற்குள் பருவங்கள் கடந்துவிடும். ஆகவே எதை முதலில் கேட்பது, எதிர்த்தால் எதுவரை இறங்கி வருவது, வேறு வழியே இல்லாதபோது எதை விட்டுக்கொடுப்பது என்று படிப்படியான கட்டளைகளை அவர் கையோடு வைத்திருந்தார். எதிர்த்தரப்பும் அவ்வாறே. நெர்ச்சின்ஸ்க் உட்பட அனைத்தும் நமதே என்று 1688இல் சொன்ன காங்சி, மறு ஆண்டு தம் தூதர்களை அனுப்பும்போது, நெர்ச்சின்ஸ்கைக் கொடுக்காவிட்டால் ரஷ்யர்கள் வணிகம் செய்ய இடமின்றிப் போவார்கள், அவர்கள் வற்புறுத்தினால் அர்குன் ஆற்றை எல்லையாக ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். தொலைவும் தாமதமும் அந்தத் தூதர்களுக்கு இன்றைய தூதர்களுக்கு இல்லாத ஓர் உரிமையைக் கொடுத்தன என்று தோன்றுகிறது. எந்த அடியை எப்போது பின்வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அந்தச் சந்திப்பு நடந்த விதத்தைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு கூடாரங்களை ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தினார்கள். இரு பக்கமும் 260 காவலர்கள், வாள் தவிர வேறு ஆயுதமின்றி. மறைத்து எதையேனும் கொண்டுவந்திருக்கிறார்களா என்று ஒரு தரப்பினர் மறுதரப்பினரைச் சோதித்துப் பார்த்தார்கள். கோலவினின் கூடாரத்தில் துருக்கிக் கம்பளங்கள் விரிக்கப்பட்டிருந்தன. பாரசீக விரிப்பிட்ட மேசையில் அவருடைய தாள்களும் மைக்கூடும் அழகான கடிகாரம் ஒன்றும் இருந்தன. எதிரே சாதாரணத் துணிக்கூடாரத்தில், ஒரு பெரிய பலகையிருக்கையில், பேரரசரின் உறவினர்களான சோங்கோத்துவும் தோங் குவோகாங்கும் அமர்ந்திருந்தார்கள். பீகிங்குக்கு வந்த தூதர்கள் தலை தாழ்த்தி வணங்க வேண்டும் என்ற வழக்கத்தில் முன்பு பல பேச்சுகள் முறிந்திருக்கின்றன. 1656இல் ரஷ்யத் தூதர் பைக்கோவ் அதற்கு இணங்க மறுத்து வெறுங்கையோடு திரும்பினார். தலைநகரை விட்டு விலகி எல்லையிலேயே சந்தித்ததால் அந்தச் சிக்கல் எழவே இல்லை.

முதல் நாளில் கோலவின் அமூர் ஆறே எல்லை என்றார். சோங்கோத்து பைக்கால் ஏரிவரை உரிமை கோரினார். மறுநாளே சிங் தூதர்கள் நெர்ச்சின்ஸ்கை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். இன்றிரவு இங்கே தூங்கவாவது விட்டீர்களே என்று ரஷ்யர்கள் சிரித்ததாக, சிங் தரப்பின் மொழிபெயர்ப்பாளராக வந்த ஜெர்பியோன் பாதிரியார் குறித்து வைத்திருக்கிறார். பேச்சு முறிந்தது, கூடாரங்கள் மடிக்கப்பட்டன. அதன்பின் நடந்தவற்றில் பெரும்பகுதி ஆற்றைக் கடந்து இரு முகாம்களுக்கும் இடையே சென்றுவந்த இரண்டு ஏசு சபைப் பாதிரியார்களின் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரரான ஜெர்பியோனும் போர்த்துக்கீசியரான தோமஸ் பெரெய்ராவும் சிங் தரப்புக்காக லத்தீனில் பேச, ரஷ்யத் தரப்பில் போலந்துக்காரரான பெலபோத்ஸ்கி அதே லத்தீனில் பதில் சொன்னார். சிங் படை ஆற்றைக் கடந்து கோட்டையைச் சூழ்ந்ததும், அக்கம்பக்கத்துப் பழங்குடிகளான புரியாத்துகளும் ஓங்கோத்துகளும் சிங் பக்கம் சாயத் தொடங்கியதும் இந்த நாட்களில்தான். கோலவின் அல்பாசினை விட்டுக்கொடுக்க இணங்கினார். தாங்கள் சொல்லும் படையின் நிழல் இதுவே. மறுக்க மாட்டேன்.

ஆயினும் கையெழுத்தான உடன்படிக்கையைப் படித்துப் பாருங்கள். எல்லை அர்குன் ஆறு, கொர்பீட்சா ஆறு, அங்கிருந்து ஸ்தனவாய் மலைத்தொடர் என்று போகிறது. அல்பாசின் இடிக்கப்படும், அதன் மக்கள் உடைமைகளோடு வெளியேறலாம். நெர்ச்சின்ஸ்க் ரஷ்யாவிடமே இருக்கும். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் எல்லை கடந்து வணிகம் செய்யலாம். கடலை ஒட்டிய உதா ஆற்றுப் பகுதியைப் பற்றி இருவருக்கும் தெளிவான தகவல் இல்லாததால் அதைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தெரியாத நிலத்தின் மேல் கோடு போட்டு ஒப்பமிட்டிருந்தால், பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கோடே சண்டைக்குக் காரணமாகியிருக்கும். தோற்ற தரப்புக்கு வாழ இடமும் வணிகத்துக்கு வழியும் மிஞ்சியதால், அதை உடைக்க வேண்டிய அவசரம் ரஷ்யாவுக்கு நெடுங்காலம் வரவில்லை.

இதற்கு மாறாக அதே இரு அரசுகளும் செய்த 1858இன் ஐகுன் உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். சிங் அரசு உள்நாட்டுக் கிளர்ச்சியிலும் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரருடனான போரிலும் சிக்கித் தவித்த வேளையில், கிழக்குச் சைபீரியாவின் ரஷ்ய ஆளுநர் முரவியோவ் வந்து அமூரின் வடகரை முழுவதையும் கேட்டுப் பெற்றார். 1860இல் உசூரி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலமும் போனது. வலிமையுள்ளவர் அனைத்தையும் எடுத்துக்கொண்ட அந்த எல்லையின் பெயரால் 1969இல் துப்பாக்கிகள் வெடித்தன. கடைசித் தீவுகள் குறித்த தகராறு 2004இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. நெர்ச்சின்ஸ்கில் படை இருந்தது, ஐகுனிலும் படை இருந்தது. ஆனால் முன்னதில் எடுத்துக்கொண்டவர் தம் கையை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார். நான் தங்களோடு முரண்படுவது இந்த ஓர் இடத்தில்தான்.

அதே சமயம், நெர்ச்சின்ஸ்கைப் புகழ்ந்து எழுதும்போது எனக்கு மனம் வலிக்கும் ஒன்றும் உண்டு. அந்த நிலத்தில் வாழ்ந்த தாவூர்களும் ஏவெங்கிகளும் எந்தக் கூடாரத்திலும் அமர்த்தப்படவில்லை. ரஷ்யரான கபாரோவின் கசாக்குப் படையினர் 1650களில் அவர்களுடைய ஊர்களைச் சூறையாடினார்கள். அந்தக் கசாக்குகளுக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று சிங் அரசு தாவூர்களை அவர்களுடைய வயல்களிலிருந்து கிளப்பித் தெற்கே நோன் ஆற்றுப் பக்கம் குடியேற்றியது. 1667இல் ரஷ்யர் பக்கம் போய்விட்ட கந்திமூர் என்ற ஏவெங்கித் தலைவரைத் திருப்பித் தரச் சொல்லிப் பீகிங் பல ஆண்டுகள் வலியுறுத்தியது. உடன்படிக்கைக்கு முன்பே அவர் இறந்துபோனார். முன்பு ஓடியவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், இனி ஓடுகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உடன்படிக்கை விதித்தது. அரசுகளுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பருவத்துக்கேற்ப ஆற்றின் இரு கரைகளிலும் வேட்டையாடிய குடும்பங்கள் அன்றிலிருந்து தப்பியோடுபவர்கள் என்ற கணக்கில் சேர்ந்துவிட்டன. தங்கள் கடிதத்தில் சமத்துவம் பற்றி எழுதியபோது இவர்களை நினைத்தீர்களா என்று தெரியவில்லை. படை நிழலைவிட இந்த இல்லாமைதான் அந்த உடன்படிக்கையின் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது.

ரஷ்யாவும் சிங் அரசும் நடத்திய 1727இன் கியாக்தா பேச்சைப் பற்றித் தாங்கள் என்னைவிட ஆழமாகப் படித்திருக்கிறீர்கள். மங்கோலிய எல்லையை வகுத்த அந்தப் பேச்சில், நெர்ச்சின்ஸ்கில் விட்டுவைத்த உதா பகுதியை மறுபடியும் முடிவு செய்யாமலேயே விட்டதற்கு என்ன காரணம் என்று தாங்கள் கருதுகிறீர்கள்? ரஷ்யத் தூதர் சாவா விளாதிஸ்லாவிச் அதை முடிக்க விரும்பவில்லையா, சிங் தரப்பு விரும்பவில்லையா? கண் சற்றுத் தேறியதும், அவசரமில்லாமல், இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
பழைய நண்பன்