வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பூங்காப் பயணங்களின் நேரக் கணக்கு

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, ஊட்டி என்று நம் மலையின் பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு எங்கள் வேன்களில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வந்துகொண்டிருக்கும் உங்களுக்கு, பயண நாளையும் ஏறுமிடத்தையும் தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கு மேல் நாங்கள் எதையும் எழுதியதில்லை. சென்ற காலாண்டு விடுமுறையில் பெங்களூரு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்காவுக்குச் சென்ற பயணத்தைப் பற்றிய ஒரு குரல்பதிவு இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதால், விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று. அதைக் கேட்டுவிட்டு அலுவலகத்துக்கே வந்து எங்களிடம் விவரம் கேட்டவர்களுக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பதிவில், விடியுமுன் குழந்தைகளை எழுப்பி அழைத்துச் சென்றோம் என்றும், பூங்கா திறக்கும் முன்பே வாசலில் காக்க வைத்தோம் என்றும், வரிசையிலேயே நாள் கழிந்தது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. வருந்திய ஒரு பெற்றோரின் குரல் அது; அந்த வருத்தத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டிய இரவுப் படியை மிச்சம் பிடிப்பதற்காக மாலை நான்கரை மணிக்கே எல்லாரையும் வெளியே அழைத்து வந்துவிட்டோம் என்று அதில் வரும் ஒரு வரி எங்களை மிகவும் புண்படுத்தியது. ஓட்டுநர் படியில் ஒருநாளும் கை வைக்காத நிறுவனம் இது என்பது எங்கள் ஓட்டுநர்களிடம் கேட்டாலே தெரியும். எனவே அதற்கான விளக்கத்தை முதலில் எழுதுகிறோம்.

நான்கரை மணிக்குப் புறப்பட்டதற்குக் காரணம் பந்திப்பூர் காடு. நம் மலையிலிருந்து பிடதியில் உள்ள வொண்டர்லாவுக்குப் போகும் வழி கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு, கக்கநல்லா, பந்திப்பூர், குண்டலுபேட்டை, மைசூரு என்று செல்வது உங்களுக்குத் தெரியும். பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்கு 2009 முதல் தடை இருக்கிறது; அவசர ஊர்திகளையும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளையும் தவிர வேறு எதையும் விடுவதில்லை. இருட்டில் யானையும் மானும் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகக் கூடாது என்பதற்காக வந்த தடை அது. காட்டின் ஓரத்திலேயே வாழும் நமக்கு அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் தயவால் பிடதியிலிருந்து மைசூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றாலும், மைசூரு நெரிசலைக் கடந்து, நஞ்சன்கூடு வழியாகக் குண்டலுபேட்டையை அடைந்து, அங்கிருந்து வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு வந்து சேர்வதற்கு மேலும் இரண்டு மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். அதுவும் தசராக் காலத்து மைசூரு. நான்கரைக்குப் புறப்பட்டால் எட்டு, எட்டரைக்குச் சாவடியைத் தொடலாம். பூங்கா மூடும்வரை இருந்து ஆறு மணிக்கு மேல் புறப்பட்டிருந்தால், குழந்தைகளோடு சாவடி வாசலில் மறுநாள் காலை ஆறு மணிவரை வேனிலேயே இருந்திருக்க வேண்டும்.

சாம்ராஜ்நகர் வழியாகத் திம்பத்தில் இறங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சத்தியமங்கலம் காட்டுச் சாலையிலும் 2022 முதல் இரவுத் தடை நடைமுறையில் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஓசூர், சேலம் என்று சுற்றி மேட்டுப்பாளையத்துக்கு வந்து மலையேறும் வழி. ஒரே ஓட்டுநரை இரவு முழுக்க அப்படி ஓட வைத்து, கடைசியில் பர்லியாறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

காலைப் புறப்பாட்டுக்கும் இதே இரவுத் தடைதான் காரணம். குன்னூரில் மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் ஐந்தரை மணி அளவில் தொரப்பள்ளிச் சோதனைச்சாவடியில் இருப்போம். கதவு திறந்ததும் முதல் வண்டிகளில் ஒன்றாகக் காட்டைக் கடந்து, மைசூரில் காலை உணவை முடித்துக்கொண்டு, பத்தரை மணிக்குள் பூங்கா வாசலுக்குச் சென்றுவிடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிவிட்டுப் புறப்பட்டால் சாவடியில் நமக்கு முன்னால் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் மைசூரின் அலுவலக நேர நெரிசலும் சேர்ந்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

வாசலில் காத்திருப்பது வீண் என்று நினைப்பவர்களுக்கு அந்த முதல் ஒரு மணி நேரத்தின் மதிப்பைச் சொல்ல விரும்புகிறோம். ஒரு ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கு 24 பேர் ஏறலாம் என்றும், ஏற்றி, பட்டை பூட்டி, சுற்றி, இறக்க 3 நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 480 பேர். அதற்கு மேல் ஒருவரைக்கூட அந்த இயந்திரத்தால் ஏற்ற முடியாது. கதவு திறந்தவுடன் சென்றால் உங்களுக்கு முன் 40 பேர் நிற்பார்கள், ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுவீர்கள். பகல் ஒரு மணிக்கு அதே இடத்தில் 500 பேர் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூங்காவுக்குள் இருக்கும் கூட்டம் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும்போது, ஏற்றும் திறன் மட்டும் காலையிலிருந்து மாலைவரை ஒரே அளவில்தான் இருக்கிறது. ஆகவே வாசலில் நிற்கும் அரை மணி நேரம் உள்ளே பல மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. இதைத் திரும்பத் திரும்ப நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அந்த முதல் மணி நேரத்தையும் முறையாகச் செலவிட வேண்டும். நுழைந்தவுடன் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காமல் பூங்காவின் கடைக்கோடிக்கு நடந்து, அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வாருங்கள். பெரிய ராட்டினங்களை முற்பகலிலேயே முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு தண்ணீர் விளையாட்டுகளுக்குச் செல்வது நல்லது. நம் குளிரிலேயே வளர்ந்த குழந்தைகள் சமவெளி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் வாடிவிடுகிறார்கள் என்பதால், நமக்கு இந்த வரிசைமுறை மற்றவர்களைவிட அவசியம். மதிய உணவை பன்னிரண்டு மணிக்குள்ளோ இரண்டரைக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு உணவகத்திலும் ஒரு வரிசை காத்திருக்கும். தண்ணீரில் இறங்கப் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை, நைலான் உடை வேண்டும். அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்தால் உடைக் கடையில் நிற்க வேண்டியதில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். பல பெரிய ராட்டினங்களுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. 140 சென்டிமீட்டர் என்பது அடிக்கடி காணும் அளவு. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு அளவுக்கோலின் அருகே ஒரு குழந்தை திருப்பி அனுப்பப்படும்போது அதன் முகத்தைப் பார்க்க எங்களுக்கே தாங்குவதில்லை. புறப்படும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி, செருப்பில்லாமல் அளந்து, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று குழந்தையிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

விரைவு வரிசை டிக்கெட்டை எங்கள் கட்டணத்தில் ஏன் சேர்ப்பதில்லை என்ற கேள்வியும் வருகிறது. வாங்கும் குடும்பத்துக்கு அது நிச்சயமாக நேரத்தை மிச்சப்படுத்தும். அதே சமயம், அந்த டிக்கெட் இருப்பதால் ராட்டினத்தில் ஒரு இருக்கைகூடக் கூடுவதில்லை. ரேஷன் கடையில் பக்கவாட்டில் ஒருவர் வாங்கிப் போகப் போக முன்னால் நிற்பவர் நின்றுகொண்டே இருப்பதைப் போல, பொது வரிசை அந்த அளவுக்கு மெதுவாகிறது. டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் இப்படி ஓர் ஏற்பாட்டைக் கட்டணம் இல்லாமல் தொடங்கி, அமெரிக்காவில் 2021-ல் அதைக் கட்டணச் சேவையாக மாற்றின. அங்கும் அதற்கு ஆதரவும் எதிர்ப்பும் உண்டு. கூட்டம் குறைந்த நாளில் சென்றால் அந்தச் செலவே தேவைப்படாது என்பதால்தான் நாளைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் எடுக்கிறோம். ஆகவே விருப்பமுள்ளவர்கள் அதைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையில் எல்லா உத்திகளையும்விடப் பெரியது நாள்தான். சென்ற காலாண்டு விடுமுறையில் நம் பள்ளிகளும் கர்நாடகத்துப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் மூடியிருந்தன. அங்கே தசரா விடுமுறை. பலரும் விரும்பிக் கேட்டதால்தான் அந்தத் தேதியில் பயணம் வைத்தோம். இனி அந்த வாரத்தில் பிடதிப் பயணம் இருக்காது. நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்கு வேலைநாளாகவும் இருக்கும் நாட்களைத் தேடிப் பிடிப்பதே சரியான வழி. மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்காக நீலகிரிக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை வரும். பண்டிகைக்குச் செல்லாத குடும்பங்களுக்கு அதைவிட வசதியான நாள் இல்லை, சமவெளி முழுவதும் அன்று பணியில் இருக்கும். பொங்கலில், கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிட, நமக்கு மாட்டுப் பொங்கலும் அதற்கடுத்த நாளும் விடுமுறை. அவை வேலைநாட்களில் அமையும் ஆண்டுகளில் பெங்களூருப் பக்கம் போவது நல்லது. ஆனால் நம் மாநிலத்துப் பூங்காக்களுக்கு அன்று போகவே வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பள்ளி திறந்த பின்னும் நமக்குச் சில நாள் விடுமுறை மிஞ்சும் ஆண்டுகள் உண்டு. கொச்சி வொண்டர்லாவுக்கு அந்த நாட்கள் பொருத்தமானவை. மற்றபடி செவ்வாய், புதன், வியாழன் தவிர வேறு கிழமைகளில் நாங்கள் பயணம் வைக்கப் போவதில்லை. ஞாயிறு மட்டுமே ஓய்வு கிடைக்கும் அருவங்காடு தொழிற்சாலை அன்பர்களுக்கு இது சிரமம் என்பதை அறிவோம். ஒரு நாள் விடுப்பு எடுத்தால், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதைப்போல் இரு மடங்கு ராட்டினங்களில் உங்கள் பிள்ளைகள் ஏறுவார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையம் அருகே பிளாக் தண்டர் நீர்ப்பூங்கா இருக்கவே இருக்கிறது. வேலைநாள் ஒன்றில் காலை உணவை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்பட்டால் போதும், காட்டுச் சாவடிக் கவலையும் இல்லை. கோடை சீசனில் மட்டும், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழி ஏற்பாடு நடைமுறைக்கு வரும்போது, கூடுதல் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குழுக்களைப் பல ஆண்டுகளாக வழிநடத்திவந்த தம்பி கோவையில் நல்ல வேலை கிடைத்துச் சென்றுவிட்டதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்த வரிசை எப்போது குறையும் என்பதை முகம் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர். அவருடைய இடத்தை ஒரே நாளில் நிரப்ப முடியாது என்பதால், அவர் சொல்லிவந்த முறைகளைக் கேட்டு எழுதி, வேனில் ஏறும்போதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளாகக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் பிள்ளைகளிடம் நீங்கள் காட்டிவரும் பொறுமைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனிமேல் பிடதிப் பயணம் மைசூரில் ஓர் இரவு தங்கும் இரண்டு நாள் பயணமாக நடக்கும். வெளியூர்க் குடும்பங்கள் கிளம்பிவிட, வரிசைகள் தாமே இளைக்கும் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் இதனால் உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும்; மறுநாள் பகல் வெளிச்சத்தில் நிதானமாகக் காட்டைக் கடந்து வீடு திரும்பலாம். தங்கும் செலவு, டீசல், சுங்கம், கர்நாடக நுழைவு வரி ஆகியவற்றை முன்னிட்டுக் கட்டணம் தலைக்கு 900 ரூபாய் கூடுகிறது. பயணத்துக்கு ஏழு நாள் முன்புவரை விலகுவோருக்கு மட்டுமே முன்பணம் திருப்பித் தரப்படும்.

தொற்றுக் காலத்தில் வண்டிகள் எல்லாம் கொட்டகையில் நின்றபோது, கொடுத்த முன்பணத்தைக் கேட்காமல் "திறந்த பிறகு கூட்டிப் போங்கள்" என்று சொன்ன குடும்பங்களை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் குடும்பங்களிலிருந்து எங்களோடு வந்து முதன்முதலாக ராட்டினம் ஏறிய பிள்ளைகள் இன்று கல்லூரியில் படித்துக்கொண்டு, தங்கள் தம்பி தங்கைகளை அழைத்துச் செல்லும்படி எங்களிடம் பெயர் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்காகவே இத்தனை விளக்கம். குரல்பதிவை அனுப்பிய அன்பரும் அலுவலகத்துக்கு ஒருமுறை வர வேண்டும். சாவடி நேரத்தையும் ஓட்டுநர் படிக் கணக்கையும் எதிரில் வைத்தே காட்டுகிறோம்.

ஹெத்தையம்மன் பண்டிகை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் பெயர் பதிவு தொடங்கிவிட்டது. பெயர் கொடுக்கும்போது குழந்தைகளின் உயரத்தையும், ஏறுமிடம் ஊட்டி சேரிங்கிராஸா, அருவங்காடா, குன்னூர் பேருந்து நிலையமா என்பதையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
உரிமையாளர்,
குன்னூர்.