கூட்டாளிகளோடு வருகிற மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேசலாம் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன், ஆற அமர இருந்து படி.

நீ கோவாவிலிருந்து அனுப்பிய படங்களை உன் தங்கை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினாள். முந்திரிப்பழத்தை மிதித்துச் சாறெடுப்பது, பானையில் புளிக்கவிட்டு அடுப்பேற்றுவது, முதல் வடிப்புக்கு உர்ராக் என்று பெயர், அதோடு புதுச்சாறும் கலந்து மறுபடி வடித்தால் ஃபெனி என்று எனக்கே விளங்குகிற மாதிரி எழுதியிருந்தாய். பழத்தைப் பறிக்கவே மாட்டார்கள், தானாக விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள் என்றாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் குயவர் வீடு, கூடை முடைகிறவர் வீடு என்றும் கூட்டிப் போனார்களாம். நல்ல ஏற்பாடுதான். நம்ம ஊரிலும் இப்படி ஒருநாள் சுற்றிக் காட்டலாமே, சித்திரையில் ஆபீஸ் கூட்டாளிகளைக் கூட்டிவருகிறேன், கள் இறக்குவதையும் ஓலை முடைவதையும் காட்டு என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாகக் கூட்டிவா. ஆனால் எது நடக்கும், எது நடக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கள் கிடையாது. 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்குத் தடை. நீ பிறப்பதற்கு முன்னால் வந்த தடை என்பதால் உனக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். பனையேறிக்கு அது அன்றாடப் பயம். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர், தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், ஏறி இறங்குகிற ஆளும் ஒருவன்தான். சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தால்கூட வெயில் ஏற ஏறத் தானாக நுரைகட்டிப் புளித்துவிடும். பதநீர்தான் இறக்குகிறேன் என்று சொல்கிறவனையும் போலீஸ்காரர்கள் நிறுத்தி, கலயத்துக்குள் மூக்கை விட்டு மோந்து பார்க்கிறார்கள். பனையேறுகிற உன் சின்ன மாமா அதையெல்லாம் பார்த்தவர். இந்த நிலையில் வெளியூர்ப் பிள்ளைகள் நாலு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நின்று கள் கள் என்று சத்தம் போட்டால், நீங்கள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், அவர் இங்கேயே இருக்க வேண்டும்.

கோவாக்காரன் ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டான் என்று நீ எழுதியது எனக்கு உறைத்தது. பக்கத்தில் கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது. தனுஷ்கோடி முனையிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார், முப்பது கிலோமீட்டர் வருமா? அந்த நாட்டில் தென்னங்கள்ளை வடித்த சாராயம் கப்பல் ஏறிப் போகிறது, யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளை வடித்தும் விற்கிறார்கள். நமக்கோ பனை மாநில மரம், அது தருவது குற்றம். அரசே கடை திறந்து சீல் வைத்த பாட்டிலை விற்கலாமாம், பாளையிலிருந்து சொட்டியதை விற்கக் கூடாதாம். இதில் என்ன நியாயம் என்று உன் மாமா கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் கள்ளுக்கடை இருந்த காலத்தில் அந்திக்கு அந்தி அடி வாங்கிய பெண்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் கடையைத் திற என்று கொடி பிடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. நீ உன் கூட்டாளிகளோடு விவாதம் பண்ணிக்கொள்.

இன்னொன்று. நாட்டுச்சரக்கு வாங்கித் தருகிறேன் என்று பஸ்ஸ்டாண்டில் எவனாவது ஒட்டிக்கொள்வான். வேலம்பட்டையும் வெல்லமும் ஊறப்போட்டு வடித்த பழைய பட்டைச்சாராயம் என்று கதை சொல்வான். கிட்டே சேர்க்காதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்ததைக் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். என் பிள்ளையும் அவன் கூட்டிவரும் பிள்ளைகளும் அதை வாயில் வைக்கக் கூடாது.

சரி, நடக்கிறதைச் சொல்கிறேன்.

முதல்நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். மதுரையில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பி வருகிறோம் என்றால் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சின்ன மாமா கோழி கூவுகிற நேரத்துக்கே பனங்காட்டில் இருப்பார். நரிப்பையூர்ப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்த அந்த மேட்டில் மரம் பிடித்திருக்கிறார். காலில் தளைநாரை மாட்டி, நெஞ்சை மரத்தில் அணைத்து அவர் ஏறுவதைப் பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும். ஏறிப் பார்க்கிறேன் என்று உன் கூட்டாளிகளில் ஒருவன் கேட்பான், விடாதே.

மேலே என்ன நடக்கிறது என்பது கீழே இருந்து தெரியாது. அதனால் அவரிடம் சீவின பாளை ஒன்றைக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விரல் கனமுள்ள பாளை. அதைக் கடிப்பு என்கிற மர இடுக்கி வைத்து நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தி, அப்புறம் பாளை அரிவாளால் நுனியை வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு சீவு. அதற்கு மேல் சீவினால் பாளை வீண், குறைத்துச் சீவினால் பழைய வாய் அடைத்துக்கொண்டு சொட்டாது. சீவின இடத்தை விரலால் தொட்டுப் பார், பிசுக்கென்று ஒட்டும். அந்த அரிவாளை மட்டும் தொடாதீர்கள். அதை அவர் தீட்டுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் ஒரு சோறு வடித்துவிடுவேன். காலையில் இறக்கிய மரத்தில் சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். சீசன் முடிகிறவரைக்கும் ஞாயிறு, நல்லநாள், காய்ச்சல் என்று விட முடியாது, விட்டால் பாளை காய்ந்துவிடும்.

பதநீரை அங்கேயே பட்டை பிடித்துக் குடிக்கலாம். குருத்தோலையை மடித்து அவரே கட்டித் தருவார். நுங்கு கிடைத்தால் உள்ளே போட்டுத் தருவார். வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு பட்டை போதும். ருசியாக இருக்கிறதென்று மூன்று நான்கு குடித்துவிட்டு அப்புறம் ஏர்வாடி ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது.

பிறகு கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக்கு வாருங்கள். நீங்கள் அதிக நேரம் இருக்க வேண்டிய இடம் அதுதான். கோவாவில் நீ பார்த்த அடுப்புக்கு ஈடாக எங்களிடம் இருப்பது இதுதான், காய்ச்சுவது மட்டும் வேறு. அந்த ஓலைக் குடிசைக்குள்தான் நான் கல்யாணத்துக்கு முன்னால் பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் இருந்தது. இப்போது உன் சின்ன அத்தை காய்ச்சுகிறாள். பதநீரை வடிகட்டிச் சட்டியில் ஊற்றி, காய்ந்த பனையோலையும் சீமைக்கருவேல விறகுமாக எரிப்பாள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது, ஆவிதான். அப்புறம் நுரை எழும்பும். பொங்கி வழியப் போகிற நேரத்தில் இடித்த ஆமணக்கு முத்து ஒரு சிட்டிகை போடுவாள், நுரை அப்படியே படிந்துவிடும். அந்த இடத்தில் எல்லாரும் ஒருதரம் ஆச்சரியப்படுவார்கள், பார்த்துக்கொள்.

நுரை அடங்கிப் பாகு மாதிரி கெட்டியாகிற கூப்பனிப் பதம் வந்ததும் வாசனை மாறும், கொதிக்கிற சத்தமும் தடிக்கும். அதற்கப்புறம் கண்ணை எடுக்க முடியாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் சட்டியை இறக்கிவிட்டுத் துடுப்பால் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றுவாள். கொஞ்சம் முந்தினால் கருப்பட்டி இளகிப்போகும், பிந்தினால் தீய்ந்து கசக்கும். பத்து லிட்டர் பதநீர் காய்ந்து வற்றினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேறும். அத்தனை ஏற்றத்துக்கும் அத்தனை விறகுக்கும் அவ்வளவுதான். சீனி கலந்து காய்ச்சினால் எடையும் கூடும், வேலையும் குறையும். கடைத்தெருவில் பாதிக்கு மேல் அப்படித்தான் என்பது என் எண்ணம். நல்ல கருப்பட்டி நாக்கில் லேசாக ஒரு கரிப்புத் தட்டிவிட்டுத்தான் இனிக்கும். உன் அத்தையிடம் விலை பேசாதே, கேட்டதைக் கொடு.

சட்டி வழிக்கிற நேரம் நீ சின்னப் பையனாக இருந்தபோது ஓலைத்துண்டை வைத்துக்கொண்டு காத்திருப்பாய். உன் கூட்டாளிகளுக்கும் ஒரு துண்டு கொடுக்கச் சொல்கிறேன்.

வெயில் ஏறியதும் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்திருங்கள். மத்தியான வெயிலில் இந்தக் கரையில் நடந்து பார்க்க ஒன்றும் இல்லை. சாயங்காலம் மேலத்தெரு மதினி வீட்டுத் திண்ணை. குருத்தோலையை வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்கவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பாள். முடைவதற்கு முன்னால் ஈரத்துணியில் சுற்றிவைப்பாள், காய்ந்த ஓலை மடக்கும் இடத்தில் ஒடிந்துவிடும். கொட்டான், பெட்டி, விசிறி, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை எல்லாம் அவளுக்குப் பேசிக்கொண்டே வரும். அடிப்பின்னலைப் போடுவதுதான் கஷ்டம். அதை அவள் போட்டுத் தருவாள், பக்கச்சுவரை உன் ஆட்கள் ஏற்றட்டும். கோணலாகத்தான் வரும். ஒன்று சொல்கிறேன், அவளைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேள். மருமகள் வந்திருக்கும்போது எடுத்தால் தப்பில்லை என்பாள், தனியாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை வழியாகப் போங்கள். அங்கே சங்கு பார்க்கலாம். இந்தக் கடலில் முக்குளித்து எடுத்த சங்குதான் வங்காளத்துப் பெண்கள் கைக்கு வளையலாகப் போனது. பவளப்பாறைத் துண்டு எவனாவது விற்றால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய தொதல் ஒரு கிலோ உன் ஆபீஸுக்கு வாங்கிக்கொள். ராமநாதபுரம் வந்ததும் அழகன்குளம் பற்றி அவர்களுக்குச் சொல்லு. வைகை கடலில் சேர்கிற அந்த ஊரில் தோண்டியபோது ரோமாபுரிக் காசும், யவனர் மது கொண்டுவந்த ஜாடியின் ஓடுகளும் கிடைத்தன. சரக்கு இறக்குமதி நேற்று ஆரம்பித்ததல்ல என்று உன் அப்பா அதற்கு ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

காசு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். சின்ன மாமா உறவு என்பதால் வாங்க மாட்டேன் என்பார். உன் கூட்டாளிகள் உறவில்லையே. கோவாவில் ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதைக் கணக்குப் பண்ணி, மாமா, அத்தை, மதினி மூன்று பேருக்கும் தனித்தனிக் கவரில் போட்டு என்னிடம் கொடு. நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இதை வருஷா வருஷம் நடத்தலாம், வெப்சைட் போடலாம் என்று ஏதோ எழுதியிருக்கிறாயே, அதற்கு அவசரப்படாதே. முதலில் ஒருதரம் வந்து போங்கள். மாமாவுக்கு அது தொந்தரவாக இருந்ததா என்று நான் கேட்டுச் சொல்கிறேன். அவருக்குப் பிறகு மரம் ஏற ஆள் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள். அவர் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

எத்தனை பேர், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர், மீன் சாப்பிடாதவர்கள் யார் யார் என்று வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடு. மாடியில் ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது, இன்னொன்றுக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா