டாசன் தெருவுக்குப் போய் வந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. சரி, காகிதத்தில் எழுதினால் எடுத்து வைத்தாவது படிப்பாய் என்று எழுதுகிறேன். நீ பழைய ஐரிஷ் மொழி படிக்கிற கால்வேயில் காற்று ஜாஸ்தியாமே. காதை மூடாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

நேற்று எனக்கு ஆஃப். ப்ரூம்பிரிட்ஜில் லுவாஸ் டிராம் ஏறி டாசனில் இறங்கி, டப்ளின் டாசன் தெருவில் இருக்கும் ராயல் ஐரிஷ் அகாதமிக்குப் போய் வந்தேன். நீ இல்லாமல் அங்கே தனியாகப் போனதே இல்லை. நூலகத்தில் உன் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மெத்தென்ற தாங்கியில் பழைய கைப்பிரதி ஒன்றை விரித்து வைத்து, ஒரு வரியைப் பார்ப்பாள், பென்சிலால் எழுதுவாள், மறுபடியும் அதே வரியைப் பார்ப்பாள். நான் கண்காட்சி முழுவதையும் சுற்றிவிட்டுத் திரும்பும்போதும் அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை. அவள் அம்மாவுக்கு இது தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது லுவாஸில் கணித மேதை ஹாமில்டன் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அக்டோபர் 16ஆம் தேதி, அவர் நடந்த நாளில், டன்சிங்க் வானாய்வு நிலையத்திலிருந்து கால்வாய்க் கரையோரம் நடந்து வந்து, கால் வலிக்கிறது என்று அழுதாயே. 1843ல் அவர் மனைவியோடு அந்த வழியே நடந்து போனது அகாதமியின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கத்தான் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்போது அகாதமி கிராஃப்டன் தெருவில் இருந்தது, டாசன் தெருவுக்கு வந்தது 1852ல். குவாட்டர்னியன் என்கிற புதுவகை எண்களின் கணக்கு பதினைந்து வருஷம் அவருக்குப் பிடிபடவில்லையாம். நம் வீட்டுப் பக்கத்துப் பாலத்தடியில்தான் பிடிபட்டது, உடனே கத்தியை எடுத்துக் கல்லிலேயே செதுக்கிவிட்டார். அந்தப் பதினைந்து வருஷத்தில் அவருக்கு அலுத்துப்போன நாட்கள் எத்தனையோ இருந்திருக்கும்.

உன் சித்தி போன வாரம் போனில், "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாள்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பழைய ஐரிஷ் அகராதி கதையை எடுத்துவிட்டேன். ஓடோனவன், ஓகரி என்ற இரண்டு ஐரிஷ் அறிஞர்கள் அகராதி வேண்டும் என்று கிளம்பியது 1852ல். பத்து வருஷத்துக்குள் இருவருமே போய்விட்டார்கள். முதல் பகுதி அச்சில் வந்தது 1913ல். அதைத் தொகுத்தவர் நார்வேக்காரர். அதுவும் முதல் எழுத்தில் தொடங்கவில்லை, டி எழுத்தில் தொடங்கினார்கள். முழுவதும் முடிந்தது 1976ல். முடிந்த அதே வருஷம், 1600க்குப் பிறகான ஐரிஷுக்கு இன்னொரு அகராதி வேலையை அகாதமி கையில் எடுத்தது, அது இன்னும் நடக்கிறது. யாரும் அவர்களைப் பார்த்து இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சித்தி அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அந்த அகராதியில் வேலை பார்த்த எலினார் நாட் பற்றி நீ பேசாத நாள் உண்டா? 1785ல் தொடங்கிய அகாதமி, பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்தது 1949ல்தான். முதல் நால்வரில் அவரும் ஒருவர். எத்தனை காலம் அங்கேயே உழைத்த பிறகு அந்த மரியாதை வந்தது! நினைத்தாலே எனக்கு மனசு கொதிக்கிறது. உனக்கு அப்படியெல்லாம் தடை இல்லை. கிடைத்த இடத்தை லேசாக விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது எழுது. ஒரு பக்கம் போதும்.

அகாதமியின் வாழ்க்கை வரலாற்று அகராதியை 2021லிருந்து இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்களே, நைட் டியூட்டியில் பிரேக் நேரத்தில் அதைத்தான் படிக்கிறேன். விட்லி ஸ்டோக்ஸ் என்று ஒருவர். டப்ளினில் பிறந்து, வக்கீலாகி, 1862ல் நம் சென்னைக்கு வேலைக்கு வந்தவர். அப்புறம் கல்கத்தாவில் பெரிய சட்ட உத்தியோகம். ஆனால் பழைய ஐரிஷை அவர் விடவேயில்லை. கல்கத்தாவில் இருந்துகொண்டே பழைய ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்து, அங்கேயே அச்சிட்டிருக்கிறார். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். வேறு வேலைக்குப் போனவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத்தான் புதிதாக இருந்தது. அது பற்றி உனக்கு ஏதாவது யோசனை இருந்தால் சொல். அம்மாவிடம் சொல்வதற்கு என்ன?

கண்காட்சியைப் பார்த்தபோது அந்தக் காதக் சுவடியை, பைபிள் சங்கீதங்களை எழுதிவைத்த பழைய கைப்பிரதியை, லேப்டாப்பில் பெரிதாக்கி நீ காட்டியது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சங்கீதத்துக்கும் முதல் எழுத்து பெரிதாக, அடுத்தது கொஞ்சம் சின்னதாக, அதற்கடுத்தது இன்னும் சின்னதாக, குடும்பப் போட்டோவில் உயரவாரியாக நிறுத்தி வைத்த மாதிரி. பெரிய எழுத்துகளைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து வைத்த புள்ளி என்று நீ சொன்னபோது உன் குரல் நடுங்கியது. 1813ல் அதை வைத்திருந்த பேழையைத் திறந்தபோது ஏடுகள் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகக் கிடந்ததாம். அதைப் பிரித்து எடுத்து 58 ஏடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் போய்விட்டது. இருப்பதை வைத்துக்கொண்டுதானே இத்தனை பேர் படிக்கிறார்கள்.

வசந்தகாலக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். உன் பெயரைத் தேடி இரண்டு தடவை பார்த்தேன். அப்பாவிடம் காட்டவில்லை. அவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட, என் மகள் ஐரிஷ்காரர்களுக்கே புரியாத ஐரிஷைப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். ஒரு வரி எங்களுக்கு எழுத உனக்கு நேரமில்லையா? அவர் பெருமைப்படுவது படிப்புக்காக மட்டும் என்று நீ நினைத்துவிடாதே.

பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வைத்திருக்கிறேன். சிவப்பு மூடி டப்பாவை முதலில் திற. வியாழக்கிழமை எனக்குப் பகல் டியூட்டி, எட்டரைக்கு வீட்டில் இருப்பேன். அன்றைக்கு அப்பா வரப் பத்து மணி ஆகும். அதற்குள் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா